பதின்மூன்றாம் மாதச் சம்பளம்: ஒரு சின்ன ஹீப்ரூ பள்ளி யாரிடம் கேட்பது?

நியூ ஜெர்சியில் சின்ன அமைப்புகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. கூடவே கிராண்ட் விண்ணப்பமும் எழுதித் தருவேன். திருப்பித் தர வேண்டாத உதவிப் பணம் அது, நல்கை என்று நல்ல தமிழில் சொல்லலாம். ஆனால் நாள் முழுக்க வாயில் வருவது கிராண்ட்தான். போன வசந்தத்தில் என்னைக் கூப்பிட்டது ஒரு சினகாக், அதாவது யூதர்களின் ஜெப ஆலயம். அதன் கீழ்த்தளத்தில் ஒரு ஹீப்ரூ பள்ளி நடக்கிறது. ஞாயிறு காலையும் செவ்வாய் மாலையும் வகுப்பு, மொத்தம் 38 பிள்ளைகள். வாரக் கடைசியில் பிள்ளையைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போகிற நம்மவர்களுக்கு அந்த வாசல் புதிதாகவே இருக்காது. காரிலிருந்து இறங்க மறுக்கும் பையன், பின்சீட்டில் தொடாத வீட்டுப்பாடம், வாசலில் டோநட் பெட்டி, எல்லாம் அப்படியே.

அவர்கள் சிக்கலும் நமக்குத் தெரிந்ததுதான். 12, 13 வயதில் பார் மிட்ஸ்வா, பாட் மிட்ஸ்வா முடியும், பிள்ளை பெரியவராகிவிட்டது என்று கொண்டாடும் சடங்கு. புகைப்படம் எடுப்பார்கள், விருந்து வைப்பார்கள், அதற்கப்புறம் பிள்ளை அந்தப் பக்கமே வராது. பள்ளியின் இயக்குநர் அம்மாவுக்கு ஒரு யோசனை. ஆறாம், ஏழாம் வகுப்பில் இருக்கும் 14 பிள்ளைகளைச் செவ்வாய்க்கிழமை பெஞ்சில் உட்கார வைக்காமல், ஆளுக்கொரு முதியவரோடு ஓர் ஆண்டு இணைத்துவிடுவது. அந்தத் தாத்தா பாட்டியின் வாழ்க்கையைக் குரல்பதிவாக எடுக்க வேண்டும், அவர்கள் வீட்டுச் சமையலில் ஒன்றைக் கற்க வேண்டும், அவர்களுக்குத் தெரிந்த பிரார்த்தனையை அவர்கள் ராகத்திலேயே பாடக் கற்க வேண்டும். ஆண்டு முடிவில் எல்லாப் பதிவும் சினகாக்கின் நூலகத்துக்குப் போகும்.

எனக்குப் பிடித்துப்போயிற்று. செலவைப் போட்டுப் பார்த்தோம். கூடவே போய்வர இரண்டு பகுதிநேர வழிகாட்டிகள், ஆளுக்கு 9,000 டாலர், ஆக 18,000. இயக்குநரின் கூடுதல் வேலைநேரம் 12,000. மதிப்பீட்டுக்கு வெளியாள் 5,000. சாப்பாடு, வண்டி 4,500. ஒலிப்பதிவுக் கருவிகள் 2,500. கூட்டினால் 42,000.

"சரி, யாரிடம் கேட்பது?" என்று அந்த அம்மா ஆரம்பித்தபோது, மேசையின் மறுகோடியில் பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பொருளாளர் வேறு கேள்வி கேட்டார். வயது 81, ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர். "பதின்மூன்றாம் மாதம் அந்த இரண்டு பேருக்கும் சம்பளம் யார் தருவார்?"

கேட்டுவிட்டு அவரே சிரித்தார். யூத நாட்காட்டியில் நிஜமாகவே பதின்மூன்றாம் மாதம் உண்டு. 19 ஆண்டுகளில் 7 ஆண்டுகளுக்கு அதார் என்ற மாதம் இரண்டு முறை வரும், தெலுங்குக்காரர்களின் அதிக மாசம் மாதிரி. ஆனால் கேள்வி விளையாட்டுக் கேள்வி இல்லை. கிராண்ட் பணம் தீர்ந்த மறுமாதம் என்ன ஆகும் என்பதுதான் அது. நான் இத்தனை நாள் கிராண்டுகளைத் தொகையை வைத்துத்தான் வரிசைப்படுத்தி வந்தேன். அன்றைக்கு ஒவ்வொரு வழியையும் அவர் கேள்வியை வைத்து அளந்தோம்.

முதலில், வேலைக்கு ஆகாதவற்றைத் தள்ளினோம். அரசுப் பணம் பிரார்த்தனை கற்பிக்கிற திட்டத்துக்கு வராது. மத்திய அரசின் பாதுகாப்பு கிராண்ட் ஒன்று சினகாக்குகளுக்கும் கிடைக்கிறது, ஆனால் அது கேமராவுக்கும் கதவுக்கும். பாட்டியின் மீன் உருண்டைக்கு அதில் இடமில்லை.

அடுத்து, பெரிய பெயர். சான் பிரான்சிஸ்கோவின் ஜிம் ஜோசஃப் ஃபவுண்டேஷன் 2006-லிருந்து அமெரிக்க யூத இளையோரின் கல்விக்காகவே கொடுக்கிற நிறுவனம். இந்தத் துறையில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது அந்தப் பெயரைத்தான். இயக்குநர் அம்மாவின் பட்டியலிலும் அதுதான் முதலில் இருந்தது. நான் ஓர் உதாரணம் சொன்னேன். யூத ஆசிரியர்களை உருவாக்க அவர்கள் மூன்று உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கொடுத்தது மொத்தம் 4.5 கோடி டாலர், ஆளுக்கு 1.5 கோடி. அந்த முயற்சி என்ன செய்தது என்று அளக்க வெளியிலிருந்து ஓர் ஆய்வு நிறுவனத்தையே அமர்த்தினார்கள். அவர்கள் துறையையே நகர்த்தப் பார்க்கிறவர்கள். 14 பிள்ளைகளின் செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொண்டு போய் நிற்கிற வாசல் இல்லை அது. அவர்கள் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளைப் படிப்பதில் மட்டும் நமக்கு லாபம் உண்டு. என்ன கேட்பார்கள், எதை வெற்றி என்பார்கள் என்று காசில்லாமல் கற்றுக்கொள்ளலாம்.

நிஜமான போட்டி நியூயார்க்கின் கவனன்ட் ஃபவுண்டேஷனில்தான் ஆரம்பித்தது. சிகாகோவின் கிரவுன் குடும்பம் 1990-இல் தொடங்கியது. யூதக் கல்வியில் புதிதாக எதையாவது செய்து பார்க்கிறவர்களுக்கென்றே இருக்கிற இடம். ஆண்டுதோறும் மூன்று ஆசிரியர்களுக்கு ஆளுக்கு 36,000 டாலர் விருதும் கொடுக்கிறார்கள். ஆனால் அது நாம் கேட்டுப் பெறுகிற திட்டப் பணம் அல்ல. கேட்கக்கூடியவை இரண்டு. புதிய, இன்னும் சோதித்துப் பார்க்காத யோசனைக்கு ஓராண்டு இக்னிஷன் கிராண்ட், 20,000 டாலர் வரை. பெரிய திட்டத்துக்குச் சிக்னேச்சர் கிராண்ட், மூன்று ஆண்டு, மொத்தம் 1,50,000 வரை. இரண்டுக்கும் முதலில் ஒரு முன்கடிதம். அது பிடித்தால் முழு விண்ணப்பத்துக்குக் கூப்பிடுவார்கள். நான் பார்த்த கணக்கு இது. தொகையையும் தேதியையும் அந்தந்த ஆண்டு அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1,50,000 என்றதும் மேசையைச் சுற்றி எல்லார் முகமும் மலர்ந்துவிட்டது. நம் செலவு ஆண்டுக்கு 42,000, மூன்று ஆண்டுக்கு 1,26,000. அப்படியே பொருந்துகிறதே!

அந்தப் பொருத்தம்தான் எனக்குப் பயம். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு அமைப்புக்கு நானே ஒரு மூன்றாண்டு கிராண்ட் எழுதி வாங்கித் தந்தேன். கேக் வெட்டினோம். முழுநேர ஒருங்கிணைப்பாளராக ஒரு பெண்ணை எடுத்தார்கள். அந்தப் பெண் பிரமாதமாக வேலை செய்தார். முதல் ஆண்டு யாருக்கும் கவலை இல்லை. இரண்டாம் ஆண்டு, "அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்". மூன்றாம் ஆண்டு மே மாதத்தில்தான் நிர்வாகக் குழு விழித்தது. ஜூன் 30-ஆம் தேதி அவர் மேசையைக் காலி செய்தார். திட்டமும் அவரோடு போய்விட்டது. கொடுத்தவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. முடிகிற தேதியை முதல் கடிதத்திலேயே எழுதித்தான் கொடுத்திருந்தார்கள். அந்தக் கடிதத்தைக் கோப்பில் போட்டவன் நான்.

பெரிய பணத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. 42,000-இல் யோசித்த திட்டத்தை 50,000-க்கு நீட்டச் சொல்லும். விண்ணப்பத்தில் 'பிற ஊர்களுக்கும் பரவும்' என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதிவிட்டால் அப்புறம் பரப்ப வேண்டும். 14 பிள்ளையில் இது நடக்குமா என்றே தெரியாதபோது, பாடநூல் தயாரித்து மற்ற ஊர்ப் பள்ளிகளுக்குப் பயிற்சி கொடுப்பதாக வாக்களிப்பது நெல் விளையுமுன் அரிசி விற்ற கதை.

இக்னிஷன் அப்படி இல்லை. சோதித்துப் பார் என்றுதான் அந்தப் பணமே வருகிறது. நாமே இன்னும் நிச்சயமில்லாமல் இருக்கும்போது, நிச்சயமில்லை என்று வெளிப்படையாக எழுத இடம் தருகிற பணம்தான் நேர்மையான பணம். குறை என்னவென்றால், 20,000 நம் செலவில் பாதிகூட இல்லை. பொருளாளரின் கேள்விக்கும் அதில் பதில் இல்லை. பன்னிரண்டாம் மாதத்தோடு அதுவும் நின்றுவிடும். ஆனால் விழுகிற உயரம் சின்னது. 20,000 நின்றால் சமாளிக்கலாம். 50,000 நின்றால் ஆளை அனுப்ப வேண்டும்.

நிற்பது கிராண்ட் மட்டும்தான் என்று நினைத்தால் அதுவும் தப்பு. சில நேரம் கொடுக்கிற நிறுவனமே நின்றுவிடும். 1984-இல் சால்மன் பெர்ன்ஸ்டைன் தொடங்கிய அவி ஹாய் ஃபவுண்டேஷன் யூத டே ஸ்கூல்களுக்கும் (யூதக் கல்வியும் சேர்ந்த முழுநேரப் பள்ளிகள்) கோடைக்கால கேம்ப்களுக்கும் அள்ளிக் கொடுத்தது. பள்ளிக் கட்டடங்களுக்கு வட்டியில்லாக் கடன்கூடக் கொடுத்தது. கையிருப்பைச் செலவழித்து முடித்துவிட வேண்டும் என்று தானே முடிவெடுத்து, பல ஆண்டு முன்கூட்டிச் சொல்லிவிட்டு, 2019 முடிவில் வட அமெரிக்காவில் கொடுப்பதை நிறுத்தியது. அவ்வளவு ஒழுங்காகச் சொல்லிவிட்டுப் போனவர்களை நம்பியிருந்தவர்களுக்கே அந்த இடத்தை நிரப்ப வேறு ஆள் தேடுவது பெரும்பாடு. சொல்லாமல் நிற்பவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஜெஸ்னா என்று சுருக்கி அழைத்த, யூதக் கல்விக்கென்றே இருந்த தேசிய சேவை அமைப்பு 2013-இல் மூடப்பட்டது. கவனன்ட் தொடங்கியதே அதன் துணையோடுதான்.

அடுத்தது உள்ளூர் ஃபெடரேஷன். தெரியாதவர்களுக்கு: ஊர் யூதர்கள் எல்லாரிடமும் ஆண்டுக்கு ஒருமுறை நிதி திரட்டி, அந்த ஊரின் பள்ளி, முதியோர் இல்லம், உதவி மையம், அப்புறம் இஸ்ரேல், மற்ற நாடுகள் என்று பிரித்துக் கொடுக்கிற பொது அமைப்பு. முதலாவது 1895-இல் பாஸ்டனில் வந்தது. இன்றைக்கு வட அமெரிக்காவில் 140-க்கும் மேல். பிரித்துக் கொடுப்பது உள்ளூர்த் தொண்டர்களின் குழு. பல்மருத்துவர், வக்கீல், ஓய்வுபெற்ற ஆசிரியை என்று நமக்கு நேரில் தெரிந்த முகங்கள்.

புதுமை தேடுகிறவர்கள் ஃபெடரேஷனை ஏளனமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். மெதுவானது, பழையவர்களுக்கே கொடுக்கும், கூட்டம் போட்டே கொன்றுவிடும் என்பார்கள். பாதி உண்மை. தொகையும் சின்னது, எங்கள் பகுதியில் இப்படிப்பட்ட திட்டத்துக்கு 12,000 எதிர்பார்க்கலாம் என்று விசாரித்ததில் தெரிந்தது. உலகத்தில் ஏதாவது நடந்தால் கவனமும் திரும்பிவிடும். 2023 அக்டோபரில் இஸ்ரேலில் நடந்த ஹமாஸ் தாக்குதலுக்குப் பிறகு ஃபெடரேஷன்கள் முழு மூச்சாக இஸ்ரேல் அவசர நிதிக்குத் திரட்டின. உள்ளூர்ச் சின்ன விண்ணப்பங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆனால் பதின்மூன்றாம் மாதத்தை வைத்து அளந்தால் தட்டு அப்படியே மாறுகிறது. ஃபெடரேஷன் ஊரை விட்டு எங்கும் போகாது. ஒரு முறை கொடுத்து, நடந்ததை வந்து பார்த்துவிட்டால், இரண்டாம் முறை கேட்பதில் கூச்சம் இல்லை. அன்றைக்குக் கூட்டத்தில் பாதியில் வந்து சேர்ந்த ரபி, அதாவது சினகாக்கின் மதகுரு, ஒரு பழைய கணக்கைச் சொன்னார். யூதர்களின் பழைய சட்ட நூலான தால்முத்தில், பாவா பத்ரா பகுதியில், ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள் என்று இருக்கிறது. 50 ஆனால் இரண்டு ஆசிரியர் வேண்டும். 40 ஆனால் ஓர் உதவியாளரை வைக்க வேண்டும், அவருக்கு ஊர் செலவில் துணை நிற்க வேண்டும். "நம்மிடம் 38 இருக்கிறது. இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் ஊர் கொடுத்தாக வேண்டும்," என்றார். பொருளாளர் சட்டென்று, "ஊருக்கு யார் சொல்வது?" என்றார். இந்த மாதிரி இடத்தில் எனக்கு இவர்களை ரொம்பப் பிடித்துவிடுகிறது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழைய விதியை நேற்றைய மின்கட்டண ரசீது மாதிரி எடுத்துப் பேசுகிறார்கள்.

நன்கொடை வட்டங்கள், முடுக்கி அமைப்புகள் என்று இன்னொரு வகை உண்டு. நியூயார்க்கின் நாத்தான் மாதிரி, இளம் உத்தியோகக்காரர்கள் தங்கள் பணத்தை ஒன்றாகப் போட்டுச் சேர்ந்து முடிவெடுக்கும் வட்டங்கள். அப்ஸ்டார்ட் மாதிரி, புதிதாக அமைப்பு தொடங்குகிறவர்களுக்குப் பணத்தோடு பயிற்சியும் தொடர்புகளும் தருகிறவை. 2017-இல் அப்ஸ்டார்ட்டோடு இதே வேலையைச் செய்துவந்த வேறு மூன்று அமைப்புகள் சேர்ந்துகொண்டன. நல்லவைதான். ஆனால் அவை ஒரு தொழில்முனைவோரைத் தேடுகின்றன. தனி அமைப்பு, அதற்கொரு பெயர், நிறுவனர் மேடையேறிப் பேசுகிற ஐந்து நிமிடம். நம் இயக்குநர் அம்மாவுக்கு ஏற்கெனவே ஒரு பள்ளி இருக்கிறது. அதில் செவ்வாய்க்கிழமையை மட்டும் மாற்றப் பார்க்கிறார். இதை எழுதுவதற்கே நான் பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்று சொன்னதும் அவரே கோடு போட்டு அடித்துவிட்டார்.

கடைசி வழி, பெரும்பாலும் யாரும் பேச விரும்பாதது: சொந்த வீட்டுக்குள் கேட்பது. சினகாக்கில் 160 குடும்பங்கள். சந்தாவே பாக்கி வைக்கிறார்கள், மேலும் கேட்பதா என்று இயக்குநர் தயங்கினார். நான் ஒரு சின்ன விஷயத்தைக் காட்டினேன். இந்தத் திட்டம் கேட்பது 14 முதியவர்களின் கதையை. அந்த 14 பேருக்கும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் உண்டு. பாதிப் பேர் கலிபோர்னியாவிலும் ஃபுளோரிடாவிலும் இருக்கிறார்கள். தங்கள் அப்பாவின் குரல் பதிவாகப் போகிறது என்று தெரிந்தால் 500 டாலர் அனுப்பமாட்டார்களா? எந்த ஃபவுண்டேஷனுக்கும் இல்லாத காரணம் அவர்களிடம் இருக்கிறது. வீட்டுப் பணத்துக்கு அறிக்கை எழுத வேண்டாம், மதிப்பீடு வேண்டாம்.

அதற்கும் ஆபத்து உண்டு. ஒரே ஆள் 20,000 தருகிறேன் என்று முன்வந்தால் நான் நடுங்குவேன். அவர் பேரன் கதையின் நாயகனாகிவிடுவான், அவருக்குப் பிடிக்காத வழிகாட்டி வேலையை விட்டுப் போக வேண்டியிருக்கும். சிறுதுளிகளாகப் பலரிடமிருந்து வருவதுதான் நல்லது. மாசசூசெட்ஸில் ஹரல்ட் கிரின்ஸ்பூனின் ஃபவுண்டேஷன் 2005-இல் தொடங்கிய பி.ஜே. லைப்ரரி, யூதக் குழந்தைகள் வீட்டுக்கு இலவசமாகப் புத்தகம் அனுப்புகிறது. அதில்கூட ஊர் அமைப்புகளையும் செலவில் பங்கு போட வைத்துத்தான் அது பரவியது. கொடுத்த ஊர் அவ்வளவு சுலபமாக நிறுத்தவிடாது.

காகித வேலையில் ஒரு சங்கடம் வந்தது. சினகாக்குக்கு எழுதுகிறவர்களுக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். அமெரிக்க வரிச் சட்டப்படி சினகாக்குகளும் தேவாலயங்களும் விண்ணப்பிக்காமலே 501(சி)(3) என்ற வரிவிலக்கு பெற்றவை. மற்ற அமைப்புகள் ஆண்டுதோறும் தரும் 990 என்ற கணக்குப் படிவமும் தர வேண்டாம். நிம்மதிதான், விண்ணப்பம் எழுத உட்காரும் வரை. ஒரு விண்ணப்பத் தளம், விலக்கு உண்டு என்று வரித்துறையான ஐ.ஆர்.எஸ். தரும் கடிதத்தைப் பதிவேற்றாமல் அடுத்த பக்கம் போகவே விடவில்லை. எங்களிடம் கடிதமே இல்லை, இருக்க வேண்டியதும் இல்லை. இதை அவர்களுக்குப் புரியவைப்பதில் இரண்டு வாரம் போயிற்று. முதலிலேயே போனில் கேட்டுவிடுங்கள். தணிக்கை செய்த கணக்கு இல்லாவிட்டால், நிர்வாகக் குழு ஒப்புதலோடு மூன்றாண்டு வரவுசெலவைத் தயாராக வைத்திருங்கள்.

எதிர்த்திசையில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. தனியார் ஃபவுண்டேஷன்கள் 990-பி.எஃப். என்ற படிவத்தை வெளிப்படையாகத் தர வேண்டும். யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று வரிக்கு வரி அதில் இருக்கும். வலைத்தளத்தில் 'புதுமை' என்று எழுதியிருப்பவர்கள் நிஜத்தில் பத்தாண்டாக அதே ஆறு இடங்களுக்குத்தான் கொடுக்கிறார்களா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். நான் எந்தக் கடிதமும் எழுதும் முன் இதைப் பார்ப்பேன். இந்த முறை நாங்கள் குறித்திருந்த இரண்டு குடும்ப ஃபவுண்டேஷன்கள் இப்படித்தான் பட்டியலிலிருந்து போயின.

கடைசியில் எடுத்த முடிவு: வீட்டுப் பணம் 10,000, ஃபெடரேஷனிடம் 12,000, இக்னிஷன் 20,000. கூட்டினால் 42,000. கேட்கும் வரிசையும் அதுதான். சொந்த வீட்டில் கேட்டு முடித்தபின் ஃபெடரேஷனிடம் போனால் "உங்கள் ஆட்கள் எவ்வளவு போட்டார்கள்?" என்ற கேள்விக்குப் பதில் கையில் இருக்கும். இரண்டையும் வைத்துக்கொண்டு கவனன்டுக்கு எழுதினால், மீதி எங்கிருந்து வரும் என்று அவர்கள் யோசிக்க வேண்டியதில்லை. இக்னிஷன் கிடைக்காவிட்டால்? 22,000-இல் ஒரே வழிகாட்டி, ஏழு பிள்ளைகள், வெளியாள் மதிப்பீடு இல்லை. அந்தச் சின்னக் கணக்கையும் தனித்தாளில் போட்டு வைத்தோம். சிக்னேச்சரை இரண்டாண்டு கழித்து, காட்டுவதற்குப் பதிவுகள் கையில் இருக்கும்போது, கேட்கலாம் என்று விட்டுவிட்டோம்.

இயக்குநர் அம்மாவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். மூன்று ஆண்டு நிம்மதி என்ற எண்ணம் அவருக்குப் பிடித்திருந்தது. அவர் பக்கமும் நியாயம் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் மூன்று இடத்தில் கை நீட்டுவது ஓர் ஆசிரியருடைய வேலை இல்லை. ஏற்கெனவே நிலையான சம்பளப் பட்டியலும் பெரிய நிர்வாகமும் இருக்கிற டே ஸ்கூல் ஒன்று என்னிடம் வந்திருந்தால், நேராகச் சிக்னேச்சரைத்தான் கேட்கச் சொல்லியிருப்பேன். அங்கே 50,000 நின்றாலும் கட்டடம் ஆடாது.

பொருளாளர் அன்றைக்கு வீட்டுக்குப் போகும் முன் ஒன்று செய்தார். அடுத்த ஆண்டுக்கான சினகாக் வரவுசெலவுத் தாளை எடுத்து, வெப்பமூட்டிப் பழுதுக்கும் பனி அள்ளும் செலவுக்கும் நடுவில் புதிதாக ஒரு வரி சேர்த்தார்: 'வழிகாட்டிகள், 6,000.' இன்னும் ஒரு டாலர்கூட வரவில்லை, ஒரு கடிதமும் போகவில்லை. அந்த ஆறாயிரம் எங்கிருந்து வரும் என்று இயக்குநர் கேட்டதற்கு, "பனி குறைவாகப் பெய்தால் பாதி வந்துவிடும்," என்று சொல்லிவிட்டு பிளாஸ்க்கை மூடினார்.